வாய்விட்டு நினைத்த நாள்

கையெழுத்து ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளை நீங்களே திருத்தி வாசியுங்கள்.

இன்றைக்கு நான் துப்புரவு செய்யும் ஒஸ்லோ அலுவலகத்தில் யாரோ வெள்ளைப்பலகைப் பேனையை மூடாமல் விட்டிருந்தார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் துடைப்பதை நிறுத்தினேன். கல்பனாவின் அறையில் இருந்ததும் இதே மணம்தான்.

கல்பனா தமிழ்நாட்டுப் பிள்ளை. செயலிக்குத் திரை வரைவதும் அவள்தான், நிரல் எழுதுவதும் அவள்தான். போதாதென்று கல்லூரியில் அதையே படிப்பிக்கவும் செய்தாள். துப்புரவுக்காரருக்கு ஒரு செயலி செய்கிறாள் என்று என்னைப் பிடித்து இருத்தினாள். பின்னால் அவளுடைய மாணவர்கள். பள்ளியில் வாத்தியார் பலகைக்குக் கூப்பிட்டபோது செய்தது போலவே, கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

"டென்ஷன் ஆகாதீங்க அண்ணா. டெஸ்ட் உங்களுக்கு இல்ல, ஆப்புக்குத்தான். மனசுல தோணுறத அப்படியே வாய்விட்டு சொல்லுங்க."

திரை முழுக்க நொர்வேஜிய எழுத்து. மனதில் ஒன்றுதான் தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"தங்கச்சி, எனக்குப் பயமாக் கிடக்கு. எனக்கு நொர்வேஜியன் வாசிக்கத் தெரியாதெண்டு முதலாளிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வேலை போயிடும்."

என்ன சொல்கிறார் என்று மாணவர்கள் கேட்டார்கள். கல்பனா முகம் மாறாமல் நொர்வேஜிய மொழியில் சொன்னது எனக்கு விளங்கியது: எழுத்து சின்னதாக இருக்கிறதாம்.

அடுத்த முறை செயலியில் எழுத்தே இல்லை. வாளி, குப்பைத்தொட்டி, மாடிப்படி என்று படங்கள். தொட்டால் தமிழில் அவளுடைய குரல் சொல்லும். என் வேலை தப்பியது.

அதுவரை எங்களுக்கு வேலை பிரித்துத் தந்தவர் மேற்பார்வையாளர் யோகன் அண்ணை, திருகோணமலைக்காரர். விடிய ஹவுகன்ஸ்டுவா நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அழைப்பு வரும்.

"டேய், எழும்பிட்டியா, இல்லாட்டி நித்திரையில நடக்கிறியா? இண்டைக்கு நாலாம் மாடி. வாசல் மிதியடியைத் தட்ட மறந்தியெண்டால் தெரியும்!"

படத்தைத் தொட்டால் போதும் என்றான பிறகு, அழைத்துச் சொல்ல ஒருவர் எதற்கு என்று கம்பனியில் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் இப்போது திராமன் நகரத்தில் ஏதோ களஞ்சியத்தில் வேலை என்று கேள்வி. அடுத்தது நானோ என்ற பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

இப்போதும் விடிய ரயில் மேடையில் தொலைபேசி பேசுகிறது. "நாலாவது மாடி," என்கிறது கல்பனாவின் குரல், மரியாதையாக. போன கிழமை என்னை அறியாமல் "ஓம் அண்ணை" என்று பதில் சொன்னேன். அது அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

கார்த்திகை மாதம், முதற்பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை.