பட்டில் பதிந்த விரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "அதுக்கு ஆதார் கார்டு இருக்குதா?" என்று கேட்டுச் சிரிக்கிறவள் நான். சேலத்தில் ஜவுளி படித்தவள், லென்சில் தெரியாத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, ஆனால் நடந்தது.

சங்கராபுரத்தில் என் சிநேகிதி செல்விக்குக் கல்யாணம். அவளைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்ட அம்மாவும், அம்மாவுக்கு முந்தி இரண்டு தலைமுறையும் கட்டிக்கொண்டு தாலி ஏற்ற பட்டுப்புடவை ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தாங்குமா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள். கூடத்துக் கட்டிலில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் லென்சை வைத்தேன்.

அவள் அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, பொடவைக்கு ஜொரம் பாத்துக்கினு இருக்கியா?" என்றார்.

மடிப்புக்கு மடிப்பு குறுக்கு நூல் அறுந்து, நெடுக்கு நூல் மட்டும் தலைமுடி மாதிரி நின்றது. விரல் பட்டாலே பொடிகிறது.

"கட்னா மணையிலயே கிழிஞ்சிடும்டி," என்றேன்.

"எங்கம்மாளுதுன்னு சொல்லிக்க வேற இன்னா இருக்குது எனக்கு?" முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அப்பாவும் பந்தல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

மனசு கேட்காமல் மறுபடி குனிந்தேன், யாரோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி புடவையில் நிழல் விழுந்தது, செல்விதான் என்று நினைத்து "வெளிச்சத்த மறைக்காதடி, தள்ளு" என்றேன். நிழல் தள்ளிக்கொண்டது. அப்புறம், நம்பினால் நம்புங்கள், நான் விரிக்காமல் விட்டிருந்த கடைசிச் சுருட்டலில் பட்டு ஒரு விரலளவுக்குக் குழிந்தது. அழுத்தி, நகர்ந்து, மறுபடி அழுத்தி. இங்கே பார், இங்கே பார் என்கிற மாதிரி. திரும்பினேன். யாருமில்லை. கொல்லையில் செல்வி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

ஓடியிருக்க வேண்டும். ஏனோ ஓடாமல் லென்சை அங்கே வைத்தேன். இடுப்புக்குள் செருகுகிற நுனி அது. வெளிச்சமே படாத நெசவு, ஓர் இழைகூட விலகாமல், நேற்றுத் தறியிலிருந்து இறக்கியது போல. ஒரு ரவிக்கைக்குத் தாராளமாகக் காணும்.

"அடியே செல்வி, ஓடியாடி!" என்று கத்தினேன்.

அதில் தைத்த ரவிக்கையோடுதான் மணையில் உட்கார்ந்தாள். யாராயிருந்தாலும் சரி, காலத்துக்கும் நன்றி சொல்வேன். வந்து காட்டியிராவிட்டால் நானே அத்தனையையும் குப்பை என்று தள்ளியிருப்பேன்.

தாலி ஏறியதும் செல்வி என்னை இழுத்து, "இவ்ளோ நேரம் முதுவத் தடவிக் குடுத்துக்கினே இருந்தியே, அதான்டி அழாம இருந்தேன்," என்றாள்.

நான், குனிந்த தலை நிமிராமல் இருந்த அவளுக்கு எதிரே, ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.