பூட்டிய பூங்காவில் ஒரு கைதட்டல்

இந்தச் சம்பவத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்துத் தர மாட்டேன். பேரம் பேச வராதீர்கள். நடந்தது நடந்தபடி. நடந்தது தியோடருக்கு. பெங்களூர் நீலசந்திராவில் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பொய் சொல்ல வராது. அதனாலேயே எந்த வியாபாரத்துக்கும் லாயக்கில்லாத மனிதர்.

அடுகோடிப் பக்கம் ஒரு பூங்கா. முன்பு அது ஏரி. நாற்பது வருடத்துக்கு முன்னால் லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்து, மேலே புல் விரித்து, ஊஞ்சல் மாட்டினார்கள். இப்போது தினமும் காலையில் அங்கே சிரிப்பு கிளப். தலைவர் ஸ்ரீகண்டன். "கை கொட்டி சிரிங்க!" என்று அவர் கத்துவார், சிரிப்பே வராத முப்பது பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தியோடருக்கு அவர் நெடுநாள் நண்பர்.

பூங்காவின் வரலாற்றைக் கல்லில் வெட்டி வைக்க முடிவாயிற்று. எழுதியது தியோடர்; விவரம் சொன்னது ஸ்ரீகண்டன். 'ஏரி தானாக வற்றியது. எவருக்கும் சேதமில்லை.' அடியில் தியோடர் பெயர் மட்டும். தன் பெயர் போட்ட எதிலும் பிழை இருக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே கர்வம்.

சனிக்கிழமை பகல் 1:40. பெங்களூரில் பல பூங்காக்கள் காலை பத்துக்கு மூடினால் மாலை நாலுக்குத்தான் திறக்கும். ஸ்ரீகண்டன் சாவியோடு வந்து தியோடரை உள்ளே விட்டார்.

"கல்லு நட்டாச்சு, தியோ. எழுத்து சரியான்னு பாரு. நான் டீ வாங்கிட்டு வந்துடறேன்."

"அதுக்கு கேட்டை எதுக்குடா பூட்டற?"

"தொறந்து வெச்சா ஜோடிங்க புகுந்துடும்யா. உள்ள நீ வேற வாத்தியார் இருக்க. பாவம், அதுங்களுக்குத்தான் ஆபத்து."

1:52. கல்லில் பிழை இல்லை. ஆனால் சேற்று வாடை... மழை பெய்து இருபது நாளாகிறது.

1:58. டப்... டப்...

யாரோ கை தட்டினார்கள். ஈரத் துணியைக் கல்லில் அறைவது போல. புல்வெளியில் ஆளில்லை.

"கை கொட்ட..."

கரகரத்த குரல். கிளப் ஆசாமி யாரோ ஒளிந்து விளையாடுகிறார் என்று நினைத்தார்.

"கொட்டணுமா? இந்தா!"

தட்டினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது தட்டில், அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே...

இன்னொரு கை.

சில்லென்று.

2:03. கேட்டை உலுக்கியபடி போன் போட்டார்.

"ஸ்ரீ! எங்கடா இருக்க?"

"வீட்ல. கேட்டுதா? இத்தனை வருஷமா அது என்னைத்தான் கூப்பிட்டுது, தியோ. கல்லுல இப்ப உன் பேரு இருக்கு. இனி உன்னையே கூப்பிடட்டும்."

போன் அணைந்தது.

நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தவள் பாகீரதி, பூங்காவைப் பெருக்குபவள். தியோடர் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஷூவுக்குள் தண்ணீர். கேட்ட குரலைத் திக்கித் திணறிச் சொன்னார்.

"சார், அது தமிழில்ல. கன்னடா. 'கை கொட்ட'ன்னா, நம்ப வெச்சு ஏமாத்திட்டான்னு அர்த்தம்."

அறுபது வருடமாகக் கன்னடம் பேசுகிற மனிதர். கைதட்டல் முதலில் கேட்டதில் காது தமிழிலேயே நின்றுவிட்டது.

"எங்கப்பா சார் அது. ஏரிக் காவலு. ராத்திரி முழிச்சிட்டு பகல்ல ஏரியோரக் குடிசையில தூங்குவாரு. மண்ணு கொட்டற அன்னிக்கு வந்து எழுப்பறேன்னு லாரி மேஸ்திரி கையில அடிச்சு வாக்குக் குடுத்தாரு. வரல. ரெண்டு மணிக்கு மொத லாரி குடிசை மேலேயே கொட்டிருச்சு. தோண்டிப் பாருங்கன்னு எங்கம்மா அழுதாங்க. யாரு கேட்டாங்க?"

"யாரும்மா அந்த மேஸ்திரி?"

"உங்க தோஸ்த்துதான், சார்."

தியோடர் உள்ளங்கையைப் பார்த்தார். கறுப்புச் சேறு. துடைத்தார். போகவில்லை.

அதைப் பார்த்த பாகீரதியின் துடைப்பம் கீழே விழுந்தது.

"அவரு கையில அடிச்சீங்களா?"

"...அடிச்சேன்."

"எழுப்பறேன்னு நீங்களும் வாக்குக் குடுத்துட்டீங்களே, சார்..."

4:07.

புல்லுக்கு அடியில், யாரோ புரண்டு படுத்தார்கள்.