சுரண்டிய புள்ளி

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அவர் முதலில் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுப்பார். விரல் நீளம்தான் இருக்கும். ஓரமெல்லாம் நைந்து பஞ்சாகிவிட்டது. அதைப் படிக்கிற வரிக்குக் கீழே வைத்து, அடுத்த வரி கண்ணில் படாதபடி மறைத்துக்கொள்வார். பிறகு ஆள்காட்டி விரல் சொல் சொல்லாக நகரும். உதடு சத்தமில்லாமல் அசையும். எங்கேயாவது ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் விரல் முள்ளில் மிதித்த கால் மாதிரி நின்றுவிடும். மின்கட்டண ரசீதானாலும் சரி, பள்ளிக்கூடத்திலிருந்து மகள் கொண்டுவந்த சுற்றறிக்கையானாலும் சரி, அட்டை வைக்காமல் படித்ததில்லை.

"கரண்ட் பில்லுல என்னங்க இலக்கணம் பாக்கறீங்க?" என்பாள் மனைவி.

"பாக்கலைன்னா அது பாட்டுக்கு தப்பா இருந்துட்டுப் போகும்."

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற துண்டுத்தாள்களை அச்சடிக்கும் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். பதினாறு வருடங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடினால் இந்தப் பக்கம் அவர் மேசை நடுங்கும். 'இரு வேளை' என்பது 'இரு நாளைக்கு ஒரு வேளை' ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் உழைக்கிற வேலை. அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுத்தாளைப் பார்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காமல் யாரும் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவருக்கு வேறு பெயர். செருப்புக்கடை மாடியில் ஓர் அறை. நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே சாம்பல் பூசிய பலகை. பலகையில் இடிந்த கோபுரங்கள், செத்துப்போன ஒரு கிரகத்தின் பள்ளங்கள். அங்கே ஏழெட்டுப் பேர் கூடி, கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாடுவார்கள். பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்துகிற ஆட்டம். எல்லா மெய்யெழுத்துக்கும் புள்ளி வைக்கச் சொல்லி உயிரை எடுத்ததால் அவர் அங்கே 'புள்ளி'. படியேறும் சத்தம் கேட்டதுமே லிஃப்ட் அண்ணன் குரல் கொடுப்பார்: "பெரிய புள்ளி வர்றாரு, எல்லாரும் நிமிந்து உக்காருங்க."

லிஃப்ட் அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வயதில் மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அறைச் சாவி சர்வேயரிடம். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்று, மகள் வீட்டில் இருப்பவர். டேப்பின் முனையை அவர் பிடித்தால் சண்டை வராது.

அந்த ஆட்டத்தின் கதையில் 'ஆதியர்' என்று ஏழு பேர் உண்டு. மனிதர்களுக்கு ஒரே ஒரு சூரியன் மட்டும் இருந்த காலத்தில் முதல் விண்போரில் நின்றவர்கள். ஆறாத காயங்களோடு தங்கள் இரும்புக் கவசத்துக்குள்ளேயே ஒன்பதாயிரம் ஆண்டுகளாகத் தூங்குகிறார்கள்; படை தோற்கும் நேரத்தில் எழுப்பினால் எழுந்து வருவார்கள். ஒரு படைக்கு ஓர் ஆதியன்தான். லிஃப்ட் அண்ணனுடையவன் நெடுந்துயிலன். கிரீஸ் படிந்த அந்தப் பெரிய கைகள் மூன்று முடித் தூரிகையைப் பிடித்து, பதினொரு மாதம் வண்ணம் தீட்டியவன். தலைக்கவசத்தின் பிளவு வழியே ஒரு கண் தெரியும். அந்தக் கண்ணுக்கு மட்டும் ஒரு மாதம்.

ஆட்டத்தின் விதிப்புத்தகம் வேற்றுமொழியில் இருந்தது. மருமகனின் நண்பர் ஒருவரிடம் ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கி, சர்வேயர் அறுபது பக்கம் கையால் தமிழில் எழுதினார். புத்தகம் திரும்பிப் போனது. நண்பரும் ஊர் மாறிப் போனார். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சுக் கடையில் கொடுத்து வாங்கினார்கள். பிழை பார்க்க ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. "நம்ம புள்ளி இருக்கும்போது என்ன கவலை?" என்றார் சர்வேயர்.

புள்ளி அதைப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். தட்டச்சுத் தாள் மடியில், சர்வேயர் கையால் எழுதிய மூலம் பையில். பதினேழாம் பக்கத்தில் விரல் நின்றது. 'விழுந்த ஆதியன் எந்த ஆட்டத்தில் எழ மாட்டான்' என்றிருந்தது. இது என்ன வாக்கியம்? 'எந்த' என்று தொடங்கினால் முடிவில் ஓர் 'உம்' வேண்டாமா? பையைத் திறக்கவில்லை. ஜன்னலோரம், கையில் சிவப்புப் பேனா, தன் கண் மேல் அசையாத நம்பிக்கை. 'ஆட்டத்தில்' என்பதை 'ஆட்டத்திலும்' ஆக்கினார். விழுந்த ஆதியன் எந்த ஆட்டத்திலும் எழ மாட்டான். வாக்கியம் இப்போது கச்சிதமாக இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் எந்த ஆதியனும் விழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுந்துயிலன் விழுந்தான். அவனைக் காப்பாற்ற உருட்டிய மூன்று பகடையிலும் ஒன்று.

பதினேழாம் பக்கம் வாசிக்கப்பட்டது.

"எந்த ஆட்டத்திலுமா? அப்போ இனிமே இவனை நான் எடுக்கவே முடியாதா?" என்றார் லிஃப்ட் அண்ணன்.

"விதி அப்படித்தான் சொல்லுது," என்றார் புள்ளி.

"சாகாதவங்கன்னுதானே கதையே. தூங்கறவன் மறுபடி எந்திரிக்க மாட்டான்னா அவன் எப்படிங்க ஆதியன்?"

சர்வேயர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கும் வேற மாதிரிதான் ஞாபகம். புள்ளி, மூலத்தோட ஒத்துப் பாத்தீங்கல்ல?"

பதில் சொல்ல ஒரு நொடிதான் இருந்தது. "நான் பாத்த தாள்ல பிழை இருக்காது சார். மூலம் எங்கிட்டதான் இருக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன், நீங்களே பாத்துக்கங்க."

"அடுத்த வாரம் வரைக்கும் இவன் ஐ.சி.யூ.ல இருக்கட்டும்," என்று லிஃப்ட் அண்ணன் கீழ்க்கடையிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை வாங்கி வந்து, நெடுந்துயிலனைப் பஞ்சில் படுக்கவைத்தார். சிரித்தார்கள். சொன்னவர் சிரிக்கவில்லை என்பதைப் புள்ளி பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து மூலத்தை எடுத்தார். அட்டையை வைத்தார். விரல் நகர்ந்தது. 'விழுந்த ஆதியன் அந்த ஆட்டத்தில் எழ மாட்டான்.'

அந்த. வெறும் 'அந்த'. அன்றைய ஆட்டத்தில் மட்டும். சர்வேயரின் 'அ' குனிந்து வாலைச் சுருக்கிக்கொண்டு 'எ' மாதிரியே நிற்கும். தட்டச்சுக் கடையில் ஏமாந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது சாதாரணத் தவறு. அந்தத் தவறைக் கையும் களவுமாகப் பிடித்து, தலை வாரிப் பொட்டு வைத்து அனுப்பியது இவர்.

ஆறு நாள் இருந்தது. திங்களன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார். செவ்வாயன்று, நேரிலேயே சொல்லலாம் என்று. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் ஒரு புதுப் பையனுக்கு மேலாளர் இவரைக் காட்டி, "இவர் கையெழுத்துப் போட்டா நான் படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன்" என்றார். புள்ளி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் மனைவி துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். அவர் சவர பிளேடை எடுத்தார். 'அ'வை 'எ' ஆக்க ஒரு சின்னக் கோடு போதும். ஆனால் 'உம்' வேண்டுமே. அதற்கு 'ல்' மேலிருக்கும் புள்ளி போக வேண்டும். பிளேடின் நுனியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாள் கிழியாமல் அந்தப் புள்ளியைச் சுரண்டினார். தூளை ஊதினார். 'ல'வுக்குக் கீழே ஒரு கால் இழுத்தார். சொல் வரியின் கடைசியில் இருந்ததால் 'ம்' வைக்க இடம் இருந்தது. சர்வேயரின் கையெழுத்தைப் போலவே, சற்றே சாய்ந்த ஒரு 'ம்'. வாழ்நாளில் அவர் நீக்கிய முதல் புள்ளி அதுதான்.

"என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" மனைவி வாசலில் நின்றாள்.

"ஃபேன் சரியா ஓடலை."

ஃபேன் தலைக்கு மேல் படபடத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போனாள்.

மறுநாள் அந்தத் தாள் கை மாறிப் போயிற்று. லிஃப்ட் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, சட்டம்னா சட்டம்," என்று பெட்டியின் மூடியைப் போட்டார். சர்வேயர் மட்டும் தாளை விடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் கைதான். நான்தான் எழுதியிருக்கேன்," என்றார் மெதுவாக.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது புள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்த வரியை எழுதினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 'அந்த'ன்னு எழுதினேன். எழுதும்போது மழை பெஞ்சுது, அதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா தாள் வேற சொல்லுது பாருங்க."

புள்ளி அடுத்த படியில் கால் வைத்தார். "விடுங்க சார்," என்றார்.

அடுத்த வாரம் சர்வேயர் டேப் வைத்து ஒரே தூரத்தை இரண்டு முறை அளந்தார். அதற்கடுத்த வாரம், "இப்போ என் முறையா?" என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் புள்ளியிடம் நீட்டி, "சரியா இருக்கான்னு பாருங்க," என்பார். புள்ளி அட்டைத் துண்டை எடுப்பார். சரியாகத்தான் இருக்கும், ஒவ்வொரு வரியும்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். "ஆபீஸ்ல ஏதாவது தப்பு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆபீஸ்ல இல்ல."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

மூன்றாவது ஞாயிறு, ஆட்டம் தொடங்கும் முன் சர்வேயர் சட்டைப்பையிலிருந்து அறைச் சாவியை எடுத்துப் புள்ளியின் முன் வைத்தார். "இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும். பூட்டினேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. உங்க கண்ணுக்குத் தப்பாது."

சாவி பலகையின் ஒரு பள்ளத்தில் கிடந்தது. புள்ளி அதைத் தொடவில்லை.

"சார், நீங்க 'அந்த'ன்னுதான் எழுதியிருந்தீங்க."

யாருக்கும் புரியவில்லை. அவர் பையிலிருந்து அந்த மூலத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். "பஸ்ல பாத்தேன். மூலத்தைத் திறக்கவே இல்ல. அப்புறம் திறந்து பாத்து, தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சு, பிளேடு வெச்சு சுரண்டி மாத்திட்டேன். உங்க கையெழுத்து மாதிரியே." இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'மன்னிச்சிடுங்க' என்ற சொல் வந்தது. அதுவும் வேறு யாரோ திருத்திக் கொடுத்தது போலக் கச்சிதமாக இருந்ததால் விழுங்கிவிட்டார்.

சர்வேயர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். 'ல'வுக்கு மேலே சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து, ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது. வெகு நேரம் அதையே பார்த்தார்.

"மழை பெஞ்சுது," என்றார், யாரிடமோ. "பெஞ்சதுதானே."

"பெஞ்சிருக்கும் சார்," என்றார் புள்ளி.

"உங்களைக் கேக்கலை."

லிஃப்ட் அண்ணன்தான் எழுந்து போய்ச் செருப்புப் பெட்டியை எடுத்துவந்தார். மூடியைத் திறந்து நெடுந்துயிலனை நிறுத்தினார். "அப்போ என் ஆளு நாலு வாரமா சும்மா படுத்துக் கெடந்தானா? சம்பளம் பிடிச்சிருக்கணும்." ஒருவர் சிரித்தார். லிஃப்ட் அண்ணன் புள்ளியின் பக்கம் திரும்பவில்லை. பகடையை எடுத்துச் சர்வேயரிடம் நீட்டினார். "உருட்டுங்க சார். உங்க முறைதான், சந்தேகமே வேணாம்."

சாவி சர்வேயரின் பைக்குத் திரும்பிப் போனது. புள்ளியை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. அவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டம் முடியும் வரை இருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். படியேறும் சத்தத்துக்கு உள்ளிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. பதினேழாம் பக்கத்தை யாரோ பேனாவால் திருத்தியிருந்தார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தது, 'உம்' அடிக்கப்பட்டிருந்தது. சரியாகவே திருத்தியிருந்தார்கள்.

மாதங்கள் கழித்து, சர்வேயரின் மகள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய், பழுது பார்க்கப் போனவர் லிஃப்ட் அண்ணன். தண்ணீர் கொடுக்க வந்த மகள் வாசலில் நின்றபடியே பேசியிருக்கிறாள். அவர் அதைப் புள்ளியிடம் சொன்னது பேருந்து நிறுத்தத்தில், சாலையைப் பார்த்துக்கொண்டே. தன் ஞாபகத்தையே நம்பாமல் இருந்த அந்த மூன்று வாரமும் சர்வேயர் தன் எட்டு மாதப் பேரனைத் தூக்கவே இல்லையாம். குழந்தை இரண்டு கையையும் நீட்டி அழுதாலும், நகர்ந்து போய்ச் சுவரோரம் நின்றுகொள்வாராம். எங்கேயாவது இறக்கிவைத்துவிட்டு, வைத்த இடம் மறந்துபோய்விடும் என்று பயந்தாராம்.