பகலில் தட்டக்கூடாத கதவு

"குடிச்சிருந்தா வாடை வராதா? யாருக்கா கிட்டப் போயி மோந்து பாத்தது?"

மோசஸ் இப்படிக் கேட்டதும் இட்லிக்கடை சம்பூர்ணம் வாயை மூடினாளா? குடி இல்லையென்றால் பூபாலன் கம்பெனியில் எதையோ திருடி மாட்டிக்கொண்டான், அதுவும் இல்லையென்றால் பொண்டாட்டி பிரசவத்துக்கு அச்சரப்பாக்கம் போன நேரத்தில் எவளோடோ சிக்கிக்கொண்டான் என்று சட்டினி ஊற்றிக்கொண்டே சொன்னாள். சும்மா ஒருத்தனுக்கு மனசு இருண்டு போகும் என்பதை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை. அவன் மேல் போட ஏதாவது ஒரு பழி வேண்டும்.

மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் போகிற தெரு அது. பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே நைட் ஷிப்ட் பார்த்தவன் தூங்குகிறான் என்று அர்த்தம். தட்டக்கூடாது. கத்துகிற பிள்ளைகளைக்கூட அதட்டி அப்பால் அனுப்புவார்கள். பெரிய மரியாதைக்காரர்கள்! அந்த மரியாதையில்தான் ஒரு மனுஷன் இருபது நாள் வேலைக்குப் போகாமல், சரியாகச் சாப்பிடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தது எவர் கண்ணிலும் படவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறுவதில்லை என்று தெரிந்த பிறகு அத்தனை பேருக்கும் ஞானக்கண் திறந்துவிட்டது.

தட்டியவன் மோசஸ் ஒருத்தன்தான். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. அவனும் முதல் நாள் பெரிய அறிவாளி மாதிரிதான் பேசினான். ஆம்பளை இப்படி இடிந்து போகலாமா, பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்துப் பார் என்றெல்லாம். பூபாலன் எழுந்து அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் திறக்கவில்லை. மோசஸுக்கு வேண்டியதுதான். அதோடு புத்தி சொல்கிற வேலையை விட்டான். ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பார்சல் இட்லியோடு வருவான், ஒன்றைத் தின்பான், இன்னொன்றைப் பிரித்து நண்பன் பக்கம் வைப்பான், சுவரில் சாய்ந்து அங்கேயே தூங்குவான். குறட்டை வேறு.

மோசஸ் இப்படி வரத் தொடங்கிய ஒன்பதாம் நாள் பூபாலன் அவனைத் தட்டி எழுப்பினான்.

"நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி மச்சான்."

மோசஸ் பதறவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. "சாவணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டான்.

"தெனிக்கும் தோணுது."

அதைக் கேட்ட பிறகு மோசஸ் அவனைத் தனியாக விடவில்லை. பூபாலனின் அக்கா சாராளைப் போன் போட்டு வரவழைத்தான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று விசாரித்தான். தெருவும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி திருஷ்டி கழிக்கச் சொன்னாள், இன்னொருத்தி உபவாச ஜெபம் என்றாள். பட்டினி கிடக்கிறவனுக்கு உபவாசமாம்!

பூபாலனுக்கு டாக்டரிடம் பயமில்லை. வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் இருக்கிற நாக்குகளிடம்தான் பயம். விடிவதற்குள் போய்விடலாமா என்று கேட்டான்.

"நீ இன்னா திருடிட்டா போற? மெதுவா நட. நான் கூட கீறேன்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு, இட்லிக்கடையில் கூட்டம் நிற்கிற நேரத்தில், அந்தக் கதவு திறந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாகப் பூபாலன், ஒரு பக்கம் சாராள், ஒரு பக்கம் மோசஸ். சம்பூர்ணம் விடுவாளா? எங்கே கிளம்பிட்ட என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மோசஸ் சுடச்சுட ஏதோ சொல்ல வந்தான். பூபாலன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"மனசு சரியில்லக்கா. டாக்டராண்ட போய்கினு கீறேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கி நடந்தான்.