வலப்பக்கம் இதயம் வைத்திருந்த மாடசாமி அண்ணன்

விடைத்தாள் திருத்தும் அறையில் கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது செல்வி நான்கு முறை அழைத்திருந்தார். மாடசாமி அண்ணனின் மனைவி. வராந்தாவுக்கு வந்து பேசினேன்.

“டீச்சர், அவரு காலைல போயிட்டாரு.”

நுரையீரலில் சளி கட்டி, காந்தலூரிலிருந்து மலையிறக்கி உடுமலையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தேறிவிடுவார் என்றுதான் இருந்தேன். செல்வி தொடர்ந்தார்.

“இங்க டாக்டரம்மா, ஒடம்ப மருத்துவக் கல்லூரிக்குக் குடுப்பீங்களான்னு கேக்குறாங்க. அபூர்வமான ஒடம்பாம். பிள்ளைங்க படிக்குமாம். எங்கண்ணன் குடுத்துரலாம்ங்கிறாரு. இதப் பத்தி உங்ககிட்ட அவரு ஏதாச்சும் சொல்லியிருக்காரா டீச்சர்? நீங்க சொல்றதத்தான் செய்வேன்.”

சொல்லியிருந்தார். ஒரே ஒரு வார்த்தையில் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். “நேர்ல வந்து சொல்றேனுங்க” என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை இந்தக் கட்டுரையில் மறைக்கப் போவதில்லை.

மாடசாமி அண்ணனின் உள்ளுறுப்புகள் பிறவியிலேயே இடம் வலம் மாறி அமைந்தவை. இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், குடல்வால் இடப்பக்கம். நாம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்போது தெரிவதுபோல எல்லாமே அதனதன் எதிர்ப்பக்கம். அதனால் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. மற்றவர்களால்தான் இருந்தது.

மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியராக நான் சேர்ந்தபோது அவர் அங்கே ஆய்வக உதவியாளர். முதல் நாள் என்னிடம் அவர் சொன்னது, “டீச்சர், அந்த மூணாவது ஸ்டூல்ல உக்காராதீங்க. கால் ஆடும். பிரின்சிபாலே விழுந்திருக்காரு.” மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பேச்சு தெற்கத்திப் பேச்சு. நான் கல்லூரிக்குப் பக்கத்து ஊரான பெருமாட்டிக்காரி. என் பேச்சைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வரும்.

“உங்க ஊர்ல திட்டுறதுக்கும் ‘ங்க’ போடுவாங்களா டீச்சர்?”

“போடுவோமுங்க. நீங்க வேலையச் செய்யுங்க.”

ஆய்வகத்தின் பின்னறையில் ஃபார்மலின் குப்பிகள் வரிசையாக இருக்கும். பாம்பு, பல்லி, ஆமைக் குஞ்சு. அவற்றுக்கு நடுவில் எங்கள் துறையின் பெருமையான இரட்டைத் தலைக் கன்று. மற்றக் குப்பிகளை மாணவர்கள் நோட்டுக்காகப் பார்ப்பார்கள், அதை மட்டும் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். அண்ணன் எல்லாக் குப்பிகளுக்கும் நீர் மாற்றி, அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டுவார். கன்றின் குப்பியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிடுவார். நான் எடுத்துத் திருப்பி வைப்பேன். மறுநாள் அது மறுபடியும் சுவரைப் பார்த்திருக்கும். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, செய்முறைத் தேர்வு நடக்கும்போது, இடப்பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு சக ஆசிரியரும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்து, சிறுநீரகக் கல்லாக இருக்கும், ஊசி போட்டு அனுப்புகிறேன் என்றார்.

“சார், எனக்கு எல்லாம் எடம் மாறிக் கெடக்கு” என்றார் அண்ணன். “நெஞ்சு வலப்பக்கம். கொடல்வாலு இந்தப் பக்கம்.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். வலியில் உளறுகிறார் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். அந்த இடத்தில் விலங்கியல் படித்தவள் நான்தான். நானும் நம்பவில்லை. “இத உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“வலிக்கிற நேரத்துல சர்ட்டிபிகேட் கேக்குறீங்களே டீச்சர்” என்றார்.

மருத்துவர் வேண்டாவெறுப்பாக ஸ்டெதஸ்கோப் குழலை எடுத்து மார்பின் இடப்பக்கம் வைத்தார். நகர்த்தினார். வலப்பக்கம் வைத்தார். பிறகு அவர் பேச்சே மாறிவிட்டது. அன்று மாலையே குடல்வாலை எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பியதும் நான் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரத்த ஓட்டம் பற்றிய வகுப்பு. “அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்று கூப்பிட்டேன். வந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பிள்ளைகள் வரிசையாக வந்து குழல் வைத்துக் கேட்டார்கள். ஒரு பெண் உற்சாகத்தில் கூவினாள். முடிந்ததும் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் என்னை “மேடம்” என்று கூப்பிடத் தொடங்கினார். தேநீர் வரும், குப்பிகள் வரும், எல்லாம் ஒழுங்காக வரும். ‘டீச்சர்’ என்ற அழைப்பு மட்டும் வரவில்லை. எனக்குப் புரியப் பத்து நாளானது. பின்னறைக்குப் போய், “நான் செஞ்சது தப்புங்க” என்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் குப்பி துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்துக்கொண்டே சொன்னார். சிறு பையனாக இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் இதைக் கண்டுபிடித்தாராம். ஞாயிற்றுக்கிழமையானால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து மார்பில் கைவைத்துப் பார்ப்பார்களாம். “மொதல்ல எனக்கும் குசிதான் டீச்சர். ஒரு கை கடலை குடுத்தாத்தான் தொட உடுவேன்.” அந்த ‘டீச்சர்’ திரும்பி வந்ததைக் கவனித்தேன். “பொறவு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. முப்பது பேரு, முப்பது கொழலு. ஒவ்வொண்ணும் பச்சத்தண்ணி மாதிரி சில்லுனு இருக்கும். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டியாடான்னு கேட்டாரு. இல்லன்னேன். சரின்னுட்டு அவரும் கொழல வெச்சாரு.”

சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

“நான் செத்தா என்னைத் தேடி வருவாங்க டீச்சர். குப்பியில போட்டுருவாங்க. நீங்க உட்றக் கூடாது. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க.”

“யாருங்க உங்களக் குப்பியில போடறாங்க? சட்டம் இருக்குது.”

“கன்னுக்குட்டிகிட்ட யாரும் கேட்டாங்களா?”

சரி என்றேன். பிடிவாதம் பிடிக்கிறவரைச் சமாதானப்படுத்தச் சொல்கிற ‘சரி’. கன்றின் குப்பியை மட்டும் அதன்பின் நான் திருப்பி வைக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நான் என் உடலைத் தானம் செய்வதற்கான படிவத்தை நிரப்பினேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மாடசாமி அண்ணன்தான். தயங்கவே இல்லை. “உங்க ஒடம்பு, உங்க இஷ்டம். ஆனா உள்ள எல்லாம் சரியாத்தான இருக்கும்? அவங்களுக்குப் போரடிக்குமே டீச்சர்.” என் வாழ்நாளில் என் நம்பிக்கைகளை இவ்வளவு மரியாதையோடு யாரும் கேலி செய்ததில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் செல்வியின் ஊரான காந்தலூருக்குப் போய்ப் பூண்டு பயிரிட்டார். மாதம் ஒருமுறை பேசுவார். தன் உடம்பைப் பற்றி அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். “இங்க நான் வெறும் பூண்டுக்காரன் டீச்சர். நிம்மதியா இருக்கு.”

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் பேருந்தில் போகும்போது இதையெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, நான் எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். இறந்தவருக்கு வலி இல்லை, கூச்சம் இல்லை. அப்படியோர் உடம்பை ஒருமுறை நேரில் பார்க்கிற மாணவன், வலியோடு வருகிற இன்னொரு மாடசாமியை ஊசி போட்டு அனுப்பமாட்டான். இது நல்ல வாதம். இப்போதும் இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவர் என்னிடம் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. “ஒன்றும் சொன்னதில்லை” என்று நான் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அதனால்தான் தொலைபேசியில் பதில் சொல்லவில்லை.

மருத்துவமனை வாசலில் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அவருடைய அண்ணன். “டீச்சரம்மா, பேப்பர்ல பேர் வருமாம். அந்த மனுசனுக்குப் பெருமைதான?” என்றார். அவர் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. உள்ளே அறையில் இருந்த மருத்துவரும் நல்ல பெண். நான் விலங்கியல் ஆசிரியர் என்றதும் முகம் மலர்ந்தார்.

“அப்ப உங்களுக்கே தெரியும் மேடம், இது எவ்வளவு அபூர்வம்னு.”

“தெரியுங்க. அவரு வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க.”

“எழுதி வெச்சிருக்காரா?”

“இல்லீங்க. எங்கிட்டச் சொன்னாரு. நான் சரின்னு சொல்லியிருக்கேன்.”

மருத்துவர் மேசைமேல் வைத்திருந்த படிவத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார். “அப்படீன்னா விடுங்க மேடம்” என்றார். செல்வி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதார்.

காந்தலூரில் அடக்கம். வீட்டுமுன் கூடியிருந்தவர்கள் அவருடைய மார்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வியின் அண்ணனும் வாய் திறக்கவில்லை. “ஆனை எறங்குனா மொதத் தகரம் தட்டுறது அவருதான். இனி யாரு முழிச்சிருப்பா?” என்று ஒருவர் கேட்டார். “நீதான் முழிக்கணும், உனக்குத்தான் பொண்டாட்டி சத்தத்துல தூக்கமே வராதே” என்று இன்னொருவர் சொல்ல, அந்தத் துக்கத்திலும் சிலர் சிரித்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது, அவரைப் பற்றி எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். உடம்பு விஷயமும் வரும் என்பதையும் சொன்னேன்.

“எழுதுங்க டீச்சர். அவரு பேரப் போட்டே எழுதுங்க. இனிமே ஒருத்தரும் கை வெக்க முடியாதுல்ல.”

மறுநாள் காலை இருவரும் அடக்கம் செய்த இடத்துக்குப் போனோம். காட்டுப்பன்றி தோண்டாமலிருக்க அங்கே புதைத்த மண்ணின்மேல் கல் அடுக்குவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொன்று வைத்ததில் அது என் இடுப்புயரம் வந்திருந்தது. செல்வி சுற்றி வந்து, அசைகிற கற்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ஓடையோரத்திலிருந்து என்னால் தூக்க முடிந்ததிலேயே பெரிய கல்லைத் தூக்கி வந்து, ஒரு பக்கம் இடைவெளி தெரிந்த இடத்தில் வைத்தேன். ஆடாமல் உட்கார்ந்தது.

போய் வாருங்கள், மாடசாமி அண்ணா. உங்களை யாரும் பார்க்கவில்லை.