மறுபோட்டிக்குக் கட்டாத கை

எலும்பு முறிவு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடும் வேலை அவருக்கு. இருபத்தேழு வருடங்களாக அதே அறை, அதே நீளமான மேசை, தண்ணீர் நிரம்பிய அதே வாளி. மாலை ஐந்தரைக்குக் கையைக் கழுவிக்கொண்டு இரண்டு தெரு தாண்டியிருக்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவார். அங்கேயும் கட்டுப் போடுகிற வேலைதான். கிளவுஸ் மாட்டுவதற்கு முன்னால் வீரர்களின் கையில் துணியும் டேப்பும் சுற்றிவிட வேண்டும். அதனால் இரண்டு இடத்திலும் அவருக்குக் கட்டுக்காரர் என்றே பெயர்.

சாம்பியன் அவரிடம் முதன்முதலில் வந்தது மருத்துவமனைக்குத்தான். பத்தொன்பது வயதில் யாரையோ குத்தி, தன் விரல் முட்டியை உடைத்துக்கொண்டு வந்தான். கட்டுக்காரர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குத்தத் தெரியாம குத்தியிருக்க தம்பி. குத்தணும்னு ஆசை இருந்தா ஒழுங்கா கத்துக்கோ" என்று பயிற்சிக் கூடத்துக்கு வழி சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து இருபது வருடங்கள், அவன் மேடை ஏறிய ஒவ்வொரு சண்டைக்கும் கட்டுப் போட்டது அவர்தான். ஹெவிவெயிட் பெல்ட்டை ஆறு வருடங்களாக அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

முப்பத்தொன்பதாவது வயதில் அவனுக்கு எதிரே வந்து நின்றவன் தச்சன். முன்பு மரவேலை செய்தவன் என்பதால் அந்தப் பெயர். இருபத்தாறு வயது, நீளக் கை, சளைக்காத கால். பன்னிரண்டு ரவுண்டும் ஓடிய அந்தச் சண்டையில் இரண்டு நடுவர்கள் சாம்பியனுக்கும் ஒருவர் தச்சனுக்கும் தீர்ப்புச் சொன்னார்கள். அரங்கத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் ஊளையிட்டார்கள். மறுநாளே மறுபோட்டி என்று பேச்சு எழுந்தது. தேதியும் குறித்தாகிவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு மாலை கட்டுக்காரர் சாம்பியனின் வலது கைக்குத் துணி சுற்றினார். முடித்த பிறகுதான் கவனித்தார், சுண்டுவிரல் முட்டிக்கு மேலே துணி மடிந்து, கயிறு மாதிரி திரண்டு நின்றது. இப்படி ஒரு மடிப்பு இருந்தால் பச்சைப்பிள்ளைகூடக் கத்திவிடும். கட்டு இம்மி பிசகினாலும் முகம் சுளிக்கிறவன் சாம்பியன்.

"எப்படி இருக்கு?"

"கச்சிதமா இருக்குண்ணே."

கட்டுக்காரர் பதில் சொல்லாமல் கட்டைப் பிரித்தார். "கண்ணை மூடு. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லு" என்றார். சாம்பியன் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினான். அவர் சுண்டுவிரலின் நுனியில் நகத்தை அழுத்தினார், தோல் வெளுக்கும் வரை அழுத்தினார்.

"தொடுங்கண்ணே. எவ்வளவு நேரம் மூடிட்டு உக்கார்றது?"

அவர் இடது கைக்கு மாறினார். அங்கேயும் அதே கதை.

மறுநாள் முதல் ஆளாக மருத்துவமனையின் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். கழுத்து எலும்பு ஒன்று பிசகி நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, "அறுவை சிகிச்சை செஞ்சா நடமாட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்கு முன்னால இந்த இடத்துல பலமா ஒரு அடி விழுந்துச்சுன்னா, கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாம போகலாம்" என்றார்.

அன்று மாலை பயிற்சிக் கூடத்தின் உடை மாற்றும் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சாம்பியன் கதவைச் சாத்தினான்.

"ஒரே ஒரு சண்டைண்ணே. அவனை ஒரு தடவை முடிச்சிட்டு, அப்புறம் கழுத்தை வெட்டினாலும் சரி."

"நான் கட்ட மாட்டேன்."

"என்னது?"

"உன் கையில கட்டுப் போட மாட்டேன்னு சொல்றேன்."

"வேற ஆளே இல்லையா ஊர்ல?"

"கட்டட்டும். நான் நேரா குத்துச்சண்டைச் சங்கத்துக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொல்லிடுவேன்."

அடுத்த கணம் அவருடைய முதுகு இரும்பு அலமாரியில் மோதியது. சட்டைக் காலர் சாம்பியனின் பிடியில் இருந்தது. நூற்றுப் பத்துக் கிலோ உடம்பு அப்படியே அவர் மேல் சாய்ந்து நின்றது. கட்டுக்காரர் அவன் கண்ணையே பார்த்தார். அடி விழுந்தால் விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வெளியே யாரோ பையைக் குத்துகிற சத்தம் தம் தம்மென்று வந்துகொண்டிருந்தது.

மெல்லப் பிடி தளர்ந்தது. சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து வெகு நேரம் தன் கைகளையே பார்த்தான்.

"சரி, விட்டுடறேன். ஆனா நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. வீட்ல அண்ணிகிட்டகூட. என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லட்டும், தாங்கிக்கறேன். ஐயோ பாவம்னு ஒருத்தன் பார்த்தாலும் என்னால தாங்க முடியாது."

கட்டுக்காரர் அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

அடுத்த திங்கட்கிழமை கேமராக்கள் முன்னால் சாம்பியன் ஓய்வு அறிவித்தான். "போதும்னு தோணுது" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

ஊர் இரண்டாகப் பிளந்தது. முடிவெட்டும் கடையில், பேருந்தில், மருத்துவமனை வராந்தாவில் எல்லாம் அதே பேச்சு. வயதாகிவிட்டது, பெல்ட்டோடு விலகினது மரியாதை என்றது ஒரு கட்சி. மரியாதையா, தேதி குறித்த பிறகா மரியாதை ஞாபகம் வந்தது என்றது மறு கட்சி. தச்சன் வேறொருவனைத் தோற்கடித்து, காலியாகக் கிடந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டான். "என்னைக் கண்டு ஓடினவர்கிட்ட இருந்துதான் இதை வாங்கியிருக்கணும்" என்று தொலைக்காட்சியில் சொன்னான்.

கட்டுக்காரரின் வீட்டிலேயே மறு கட்சிக்கு ஒரு தலைவன் இருந்தான், அவர் மனைவியின் தம்பி. பேருந்து நடத்துநர். ஊர்ப் பேச்சு முழுக்க டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொண்டுவருவான்.

"நீங்க சொல்லுங்க மாமா. இருபது வருஷம் கூடவே இருந்திருக்கீங்க. பயந்துதானே ஓடினாரு?"

"சாப்பிடு மச்சான்."

"பார்த்தியாக்கா? மாமா வாய்ல கொழுக்கட்டை. ஆமான்னு சொல்ல மனசு வரல, இல்லன்னு சொல்ல வழி இல்ல."

அவன் போன பிறகு மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "ஊருக்குச் சொல்ல வேண்டாங்க. கட்டினவகிட்ட சொன்னா என்ன குறைஞ்சுடும்? ஒரு மாசமா தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க." அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான்காவது மாதம் விவகாரம் முற்றியது. குத்துச்சண்டைச் சங்கம் புதிதாகக் கட்டிய பயிற்சிக் கூடத்துக்குச் சாம்பியனின் பெயரை வைப்பதாக முன்பே தீர்மானம் போட்டிருந்தது. இப்போது, ஓடிப்போனவன் பெயரையா வைப்பது என்று சிலர் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். சாம்பியனுக்கு அழைப்புப் போயிருந்தது, அவன் வரவில்லை. வெளியூரில் கழுத்துச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தான் என்பது அங்கே கட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவரையும் அழைத்திருந்தார்கள். அவருடைய மச்சான் சங்க உறுப்பினன் என்பதால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் தச்சன்.

ஒருவர் எழுந்து, பழைய சண்டைகளைத் தேதிவாரியாகச் சொல்லிச் சாம்பியனைப் புகழ்ந்தார். இன்னொருவர் எழுந்தார்: "உடம்புக்கு முடியலன்னா டாக்டர் சீட்டு எங்க? வயசுன்னா, தேதி குறிக்கும்போது அந்த வயசு எங்க போயிருந்துச்சு? தச்சனோட அடி ருசி தெரிஞ்சதும் ஓட்டம் பிடிச்சாரு. அவ்வளவுதான்." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடிக்கப் போக, நடுவில் புகுந்து விலக்கினார்கள்.

சங்கத் தலைவர் மேசையைத் தட்டினார். "கட்டுக்காரரே, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாம அவர் விரல்கூட அசையாது. மறுபோட்டிக்குப் பயந்துதான் விலகினாரா?"

கட்டுக்காரர் எழுந்தார். உண்மையைச் சொன்னால் பெயர் நிற்கும், சத்தியம் போகும். பேசாமல் நின்றால் அதுவே ஆமாம் என்றாகிவிடும். மூன்றாவது வரிசையில் மச்சான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"அவர் விலகல. சண்டை போடறேன்னுதான் நின்னாரு. நான்தான் கட்ட மாட்டேன்னு சொன்னேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கூடமே கொதித்தது.

"ஏன் கட்ட மாட்டேன்னீங்க?"

"எனக்கு இஷ்டமில்ல."

"அவர் தோத்துடுவாருன்னு நினைச்சீங்களா?"

"ஜெயிப்பாருன்னு எழுதிக் கொடுத்திருந்தாலும் கட்டியிருக்க மாட்டேன்."

"காரணத்தைச் சொல்லுய்யா!"

"அதைச் சொல்ல மாட்டேன்."

விலைபோய்விட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட இருந்தே குழி பறித்தவன் என்றது இன்னொன்று. அப்போது தச்சன் எழுந்தான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"ஒன்பதாவது ரவுண்டுல என் அடி ஒண்ணு அவர் கழுத்தோரம் இறங்குச்சு," என்றான் மெதுவாக. "அடுத்த நொடியே அவர் இடது கை தானா கீழ விழுந்துச்சு. நான்கூட ஏமாத்தறாருன்னு நினைச்சேன். அப்பவே அவருக்கு…"

அங்கே நின்றுவிட்டான். அவன் கட்டுக்காரரின் முகத்தைப் பார்த்திருந்தான். அவர் தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. கண்ணில் மட்டும் ஒரு கெஞ்சல் இருந்திருக்க வேண்டும். அன்று மேடையில் சாம்பியனுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்ற ஒரே ஆள் தச்சன்தான்.

"அப்பவே அவருக்கு என்ன?" என்று தலைவர் கேட்டார்.

தச்சன் உட்கார்ந்தான். "ஒண்ணுமில்லைங்க. ஞாபகம் சரியா இல்ல. அவர் பேரை வைக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, எழுதிக்கோங்க."

அவன் சொல்லியும் கூட்டம் அடங்கவில்லை. பெயர் வைப்பது தள்ளிப்போடப்பட்டது, கடைசிவரை யார் பெயரும் அங்கே ஏறவில்லை. மேடை ஏறும் நேரத்தில் தன் வீரனைக் கைவிட்டவர் என்று எழுதி, கட்டுக்காரரின் அனுமதி அட்டையைச் சங்கம் திரும்ப வாங்கிக்கொண்டது. மச்சான் ஒரு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. மனைவி கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. தச்சன் மட்டும், அதன் பிறகு எந்தப் பேட்டியிலும் ஓடினவர் என்ற சொல்லை எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு மதியம், மருத்துவமனை வரிசையில் சீட்டு வாங்கிக்கொண்டு சாம்பியன் உட்கார்ந்திருந்தான். கழுத்தைச் சுற்றித் துண்டு. முறை வந்ததும் மாவுக்கட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"யார் உங்களைப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கச் சொன்னது?"

"சத்தியம் பண்ணியிருந்தேனே."

"வாயைத் திறக்காதீங்கன்னுதான் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லலையே."

"நான் எங்கடா பொய் சொன்னேன்? கட்ட மாட்டேன்னு சொன்னதும் நான்தான், கட்டாததும் நான்தான்."

சாம்பியன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. அவங்க சொல்றதும் நிஜம்தான். மறுபோட்டின்னு பேச்சு வந்ததுல இருந்தே எனக்கு அடிவயிறு கலங்குச்சு. விரல் மரத்துப்போச்சுன்னு தெரியறதுக்கு முன்னாலயே. அன்னிக்கு நீங்க கட்ட மாட்டேன்னு சொன்னப்ப உங்களை அலமாரியில சாத்தினேன்ல? அந்தக் கோபம் உங்க மேல இல்ல. எனக்குள்ள ஒருத்தன் அப்பாடான்னு மூச்சு விட்டான். அவன் மேல."

கட்டுக்காரர் வாளியில் கையை நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷமா உன் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் நாடி எலிக்குட்டி மாதிரி துள்ளும். நீ பயப்படாம மேடை ஏறின நாள் ஒண்ணுகூட எனக்குத் தெரியாது. பயந்துட்டே ஏறினே. இந்தத் தடவை பயந்துட்டே ஏறாம இருந்தே. வித்தியாசம் அவ்வளவுதான்."

"அப்போ நான் ஓடினேனா இல்லையா?"

"எனக்குத் தெரியலடா," என்றார் அவர். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

வெளியே நர்ஸ் கதவைத் தட்டினாள். மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒரு தபால்கார அம்மா காத்திருந்தார். சாம்பியன் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்வாசல் வழியாகவே நடந்து போனான். வராந்தாவில் இருந்த இரண்டு பேர் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். கட்டுக்காரர் அந்த அம்மாவை உட்காரச் சொல்லி, "கையை இப்படிக் குடுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார்.