சீட் கிடைக்கும் முன்பே கொடுத்த சர்க்கரை

என் நைனாவைப் பொறுத்தவரை, கூப்பிட்டுவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ராயபுரத்தில் எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுக வாசலில் அவர் பல வருஷம் அப்படித்தான் பிழைத்தார். விடியும்போதே ஆட்கள் போய்க் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் அன்றைய வேலைக்கான வில்லையை வாங்கிக்கொண்டு உள்ளே போவான், மற்றவன் வீட்டுக்குத் திரும்புவான். கூப்பிட்ட பிறகு உட்கார வைத்து, நீ இதற்கு லாயக்கா என்று கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. பின்னால் அவர் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டும் நிரந்தர ஆளாகிவிட்டார். அந்தக் கணக்கு மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பல் டாக்டர் படிப்பு மதராஸில் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நான் இன்டர்மீடியட்டில் மூன்றாம் வகுப்பில் தேறியவன். அதுவும் விஞ்ஞானப் பாடங்களில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவன். எதற்கும் போட்டுவைப்போம் என்று மனு போட்டேன். நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"கூப்ட்டாங்களா?" என்றார்.

"கூப்ட்டுகீறாங்க நைனா. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"அதான் கூப்ட்டாங்கன்றியே, அப்பறம் இன்னா?"

நான் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தாலும், துறைமுகத்தில் வேலை நிரந்தரமானாலும், ஒரு தட்டு நிறையச் சர்க்கரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போய்க் கொடுப்பார்கள். கொடுத்த சர்க்கரையைத் திரும்ப வாங்க முடியாது. நான் தெருமுனை திரும்பியதுமே பக்கத்து வீட்டு அத்தை, "வாய்யா டாக்டரு!" என்று கூவினாள். அவள் உதட்டோரத்தில் எங்கள் வீட்டுச் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருந்தது.

நேர்காணலில் என்னைக் கேட்டவர் கடுமையான ஆளே அல்ல. மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மார்க்குக்கு இடம் தர முடியாதப்பா. விஞ்ஞானப் பாடங்களை மறுபடி எழுதி மார்க்கை ஏற்றிக்கொண்டு அடுத்த வருஷம் வா" என்றார். நியாயமான பேச்சு. வேறு ஏதாவது தெருவில் பிறந்திருந்தால் அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டிருக்கும்.

வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு அதற்கப்புறம் ஒரு வருஷம் சரியாகத் திறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

"யார்கிட்டயும் சொல்ல வாணாம்" என்றார் நைனா. "காலைல காலேஜுக்குப் போறா மாதிரி போ. சாயங்காலம் வா. வர்ற வருசம் மெய்யாலுமே சேந்துக்கோ."

"வர்ற வருசமும் கெடைக்கலன்னா?"

நைனா எழுந்து தையல்காரரிடம் கிளம்பினார். அடுத்த வாரம் எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து வந்தது.

தினமும் காலையில் அந்தக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு தெருவைக் கடப்பேன். மண்ணடி தாண்டியதும் அது பைக்குள் போய்விடும். திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் இருந்த டுடோரியலில் போய் உட்காருவேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் பெயிலானவர்கள். பாஸாகிவிட்டு வந்து மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். பெயிலானவன்கூட வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் திட்டு வாங்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இன்டர்மீடியட் புத்தகம் என்று யாருக்கும் தெரியாமல் இருக்க எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தேன்.

தெருவில் நடந்தால் ஆளாளுக்கு வாயைத் திறந்து காட்டினார்கள். ராயபுரத்தில் இவ்வளவு சொத்தைப் பல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே வைத்தியம்தான்: உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். கைராசிக்காரன் என்று பேர்கூட வாங்கிவிட்டேன்.

செய்முறைப் பரீட்சையில்தான் போன தடவை நான் மார்க்கைக் கோட்டைவிட்டது. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை ஒன்றொன்றாகப் பிரித்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் காட்ட வேண்டும். நைனா துறைமுகக் கிடங்கிலிருந்து கரப்பான்களைப் பிடித்துத் தன் சாப்பாட்டு அடுக்கிலேயே போட்டுக்கொண்டு வருவார். அம்மா அந்த அடுக்கை அப்புறம் சமையலறைக்குள் சேர்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் வேர்க்க வேர்க்க அறுப்பேன். நைனா எதிரில் குந்தியிருப்பார்.

"கரப்பானுக்கும் பல்லு கீதா?"

"தாடை கீது."

"அதத்தான் புடுங்கணுமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "எல்லாம் உன்னாலதான்! உன்ன யாரு சர்க்கரை குடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன். அதையும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி அடிக்குரலில்தான் கத்த வேண்டியிருந்தது. நைனா அடுத்த வாரம் இன்னும் பெரிய கரப்பான்களாகப் பிடித்து வந்தார்.

பரீட்சை நெருங்கிய சமயத்தில் அத்தைக்குக் கன்னம் வீங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் பலிக்கவில்லை. "ஒன் காலேஜுக்கே இட்டுக்கினு போ கண்ணு" என்று கிளம்பி வந்து நின்றாள். என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது? காலேஜ் இருந்த பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வழி தெரியாமல் நான் தடுமாறியதை, அவளுக்காக மெதுவாக நடப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். பல் பார்க்கும் டாக்டரிடம் உட்கார்ந்ததும் வீங்கிய வாயாலேயே பெருமை அடித்தாள். "நம்ம வூட்டுப் புள்ள சார். இங்கதான் மொத வருசம் படிக்குது."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முதல் வருஷத்துக்காரனுக்கு இங்கே என்ன வேலை? போய் அனாடமி படி, போ" என்று விரட்டினார்.

தப்பித்தேன் பிழைத்தேன் என்று வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதில் ஓரமாக நின்றேன். வெள்ளைக் கோட்டுப் பையன்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்கள் யாரும் பக்கத்து வீட்டு அத்தைக்குப் பயப்படத் தேவையில்லை.

பரீட்சை எழுதினேன். இந்தத் தடவை மார்க் நன்றாகவே ஏறியது. மறுபடி கார்டு வந்தது. நைனா அதைக் கையால்கூடத் தொடவில்லை. நேர்காணல் முடிந்து சில நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னதும் அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்துத் தட்டில் கொட்டினாள். வாசல்வரை போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தெருவைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே இரண்டாம் வருஷத்துக்குப் போய்விட்டவன்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். என் வாயில் ஒரு பிடி, நைனா வாயில் ஒரு பிடி, தன் வாயில் ஒரு பிடி. அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைத் திருட்டுத்தனமாகத் தின்கிறோமே என்று எனக்கு அழுகையாக வந்தது.

"இன்னா, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு?" என்று வெளியே அத்தையின் குரல் கேட்டது. அம்மா அவசரமாக விழுங்கிவிட்டுப் போய்த் திறந்தாள்.

நான் படிப்பை எந்த வருஷமும் தவறாமல் முடித்தேன். ஆனால் தெருவின் கணக்கில் ஒரு வருஷம் கூடுதலாக வந்தது. பிற்பாடு அதே ராயபுரத்தில் நான் கிளினிக் வைத்தபோது, நைனா முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் உள்ளே நான் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குறட்டால் பிடித்திருந்தேன். முன்னறையில் அத்தை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தம்பி நல்லாப் பாக்கும், பயப்படாத. நடுவுல ஒரு வருசம் பெயிலாயி கோட்டு அடிச்சுது. ஆனா கையி சுத்தம்."

"ஆமா" என்றார் நைனா. "அப்ப அவனுக்குக் கொஞ்சம் வெளையாட்டுப் புத்தி."

நான் வாழ்க்கையிலேயே ஒழுங்காகப் படித்தது அந்த ஒரு வருஷம்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நாற்காலியில் இருந்தவரிடம், வாயை இன்னும் கொஞ்சம் திறங்கள் என்று மட்டும் சொன்னேன்.